பின்வரிசையில் நிற்பவன்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்

"கூத்தடிக்கவா கல்லூரிக்கு வந்தாய்?"

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில், ஒரு திங்கட்கிழமை முதல் பாடவேளையில் என்னைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் என்மீது அக்கறை கொண்ட ஆசிரியர். அவரைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. அகமதிப்பீட்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்க, நான் விடைத்தாளின்மீது தலைசாய்த்து உறங்கிக் கொண்டிருந்தேன் என்பது உண்மை. எழுந்து நின்றேன், தலைகுனிந்தேன், விடை கூறவில்லை. ஓராண்டாக அந்தக் கேள்வி என்னோடு வந்துகொண்டிருக்கிறது. அதற்குரிய விடையை என் பேராசிரியப் பெருமக்கள் முன்னும், உடன்பயிலும் நண்பர்கள் முன்னும் வைக்க ஆண்டு மலரின் இந்தப் பக்கங்களைப் பயன்படுத்திக் கொள்கிறேன்.

நான் வார இறுதி நாள்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். என் அப்பா மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளி. அம்மா நூறு நாள் வேலைக்குச் செல்பவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். இந்த மூன்று செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் நான் சொல்லவரும் கருத்து விளங்கும்.

அந்த இரண்டு நாள்கள்

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாள்களையும் முதலில் கூறுகிறேன்.

சனிக்கிழமை நண்பகல் குழுவின் வேன் புறவழிச்சாலையில் என்னை ஏற்றிக் கொண்டது. மணப்பாறைப் பக்கம் ஓர் அம்மன் கோவில் திருவிழா. வேனில் பாடுவோர் நால்வர், கீபோர்டு, ரிதம் பேட், தபேலா, கிட்டார், பிறகு நான். மைக்செட்டும் விளக்குகளும் தனி டெம்போவில். மாலை ஐந்து மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். மேடை என்பது இரண்டு டிராக்டர் பெட்டிகளை ஒட்டி நிறுத்தி, மேலே பலகை பரப்பியது. நான் நடந்தால் தபேலாக்காரரின் நாற்காலி ஆடும். எனவே மூன்று மணி நேரமும் அசையாமல் நின்றேன்.

ஜெனரேட்டரை ஓட்டியதும் என் பெட்டியில் 'ம்ம்ம்' என்றொரு முனகல் எழுந்தது. எல்லா மேடைக்காரர்களும் அறிந்த தொல்லைதான் அது. நம் நாட்டு மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். என் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டையை அழுத்தினால் எழும் ஒலியின் அதிர்வெண் 49. எனவே அந்தக் கட்டையை அழுத்தும்போதெல்லாம் முனகலும் சுரமும் ஒன்றோடொன்று மோதி, வினாடிக்கு ஒருமுறை அலைபோல் ஏறி இறங்கியது. விம்மல் என்று நாம் ஆய்வுக்கூடத்தில் இரண்டு இசைக்கவைகளைத் தட்டிக் கேட்கிறோமே, அதையே மணப்பாறைப் பக்கத்து வயற்காட்டில் ஒலிபெருக்கி வழியாக ஊரே கேட்டது. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் பூமிக்கம்பியை ஈர மண்ணில் மாற்றி அடித்த பிறகே அது அடங்கியது.

ஏழு மணிக்குப் பக்திப் பாடலில் தொடங்கினோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. "இன்னும் ஒரு பாட்டு" என்று இளைஞர் கூட்டம் மேடையைச் சூழ்ந்தது. விழாக் குழுப் பெரியவர் கைகூப்பி அவர்களை விலக்கினார். கோவில் வாசலில் சாப்பாடு. சமுதாயக் கூடத்தில் தூக்கம். கொசுக்கடியை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் ஒரு திருமண வரவேற்பு. அங்கே நடந்ததுதான் முக்கியம். நான்காவது பாடலின் நடுவே என் கேபிள் அறுந்துவிட்டது. மாற்றுக் கேபிள் வேனில் இருந்தது. ஓடிச்சென்று எடுத்து வருவதற்குள் ஒன்றரைப் பாடல் முடிந்துவிட்டது. பேஸ் இல்லாமலே வாசித்தார்கள். வந்திருந்த விருந்தினருள் ஒருவராவது திரும்பிப் பார்க்கவில்லை. மணமக்களோடு படம் எடுத்துக் கொண்டார்கள், ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள், கைதட்டவும் செய்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் பாடகி அக்கா என்னிடம் வந்து, "தம்பி, அந்த ரெண்டு பாட்டும் கால் வைக்க இடமில்லாத மாதிரி இருந்துச்சுப்பா" என்றார். குழுத் தலைவரோ சம்பளக் கவரைக் கையில் கொடுத்துவிட்டு, "பாத்தியா தம்பி, பேஸ் இல்லன்னு எவனும் கேக்கலை. கீபோர்டிலயே இடது கையில போட்டுக்கலாம்னு யோசிக்கிறேன். நீ படிக்கிற பையன், வருத்தப்பட மாட்டே" என்றார்.

ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய இரண்டு தீர்ப்புகள். இரண்டும் உண்மை. விடியற்காலை மூன்று மணிக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோதும், பத்து மணிக்கு விடைத்தாளின் முன் அமர்ந்தபோதும் இவ்விரண்டும்தான் மனத்தில் ஓடின. அதற்குமேல் என்ன ஓடிற்று என்று தெரியாது, உறங்கிவிட்டேன்.

கேட்காத ஒலி

நண்பர்களே! பேஸ் என்பது என்ன? பாடலைக் கேட்கும் பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் குரலைப் பற்றிப் பேசுவர். புல்லாங்குழலைப் பற்றிப் பேசுவர். தபேலாவைப் பற்றியும் பேசுவர். பேஸ் கிட்டாரைப் பற்றிப் பேசுபவர் அரியர். அதற்கு இயற்பியல் காரணமே இருக்கிறது.

பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளில் தடித்ததன் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். மனிதச் செவி 20 ஹெர்ட்ஸிலிருந்து கேட்கும் என்று பாடநூலில் படிக்கிறோம். ஆனால் எல்லா ஒலியையும் அது ஒரே நேர்மையோடு கேட்பதில்லை. தாழ்ந்த ஒலிகளை உணர நம் செவிக்கு மிகுந்த ஆற்றல் வேண்டும் என்பதை 1933-ஆம் ஆண்டிலேயே பிளெட்சர், மன்சன் என்ற இரு அறிஞர்கள் அளந்து காட்டினர். புல்லாங்குழலுக்குப் போதுமான ஒலி வலிமை பேஸுக்குப் போதாது. மேடையில் மிகுதியான மின்சாரத்தை உண்பதும் நாங்கள்தான். மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் நாங்கள்தான்!

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8 மீட்டர். 4000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 8 சென்டிமீட்டர் அளவே. குட்டை அலையைச் சுவர் தடுத்து நிறுத்திவிடும். நெட்டலை சுவரை வளைத்துக் கொண்டு போகும். அடுத்த ஊரில் கச்சேரி நடக்கும் இரவில் உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். பாடுபவர் யார், என்ன சொல் என்று விளங்காது. 'தும் தும்' என்ற அடியொலி மட்டும் வந்து சேரும். அருகில் இருப்பவர் கவனிக்காத ஒலிதான் தொலைவில் இருப்பவரை முதலில் சென்றடைகிறது.

இந்த அடியொலியின் மதிப்பை நம் மண் அறியாததன்று. நாதசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை நம் பாட்டனார் காலத்தவர் அறிவர். விரல்களால் வாசிக்கும் வேலை அவருக்கு இல்லை. ஒரே ஒரு சுரத்தை, மூச்சு அறுபடாமல், நாதசுரக்காரர் நிறுத்தும்வரை ஊதிக் கொண்டே இருக்க வேண்டும். இன்று பெரும்பாலும் அந்த இடத்தில் சுருதிப் பெட்டி அமர்ந்துவிட்டது. "கீபோர்டிலயே இடது கையில போட்டுக்கலாம்" என்று எங்கள் தலைவர் சொன்னது புதிய செய்தியன்று. ஒத்துக்காரருக்கு என்றோ சொல்லப்பட்டதுதான் எனக்கும் சொல்லப்படுகிறது.

திரையிசையில் பேஸ் கிட்டாரைத் தமிழ்ச் செவிகள் கவனிக்கும்படி செய்தவர்களில் தலையானவர் இளையராஜா. அவர் பாடல்களில் பேஸ் கம்பி வெறுமனே தாளத்துக்குத் துணை போவதில்லை; பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டாகவே நடக்கும். அவரும் பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் வாசித்துத்தான், 1976-இல் 'அன்னக்கிளி'க்கு வந்து சேர்ந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மெம்பிஸ் நகரத்து மெக்கானிக்

பேஸ் கிட்டார் நம் நாட்டுக் கருவியன்று. இன்றைய வடிவில் அது பிறந்தது 1951-இல், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், புல்லர்ட்டன் என்ற ஊரில். அதை உருவாக்கிய லியோ பெண்டர் கணக்கியல் படித்தவர். வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்! அதற்குமுன் அந்நாட்டு இசைக்குழுக்களில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட டபுள் பேஸ் என்ற பெரிய நரம்புக் கருவியே அடியொலி தந்தது. ஊர் ஊராகப் போகும் குழுக்கள் அதைக் காரின் தலைமேல் கட்டிக்கொண்டு போயின. கட்டைகள் இல்லாத அக்கருவியில் சுரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பெண்டரின் கருவியில் கட்டைகள் இருந்தன. அழுத்திய இடத்தில் சுரம் துல்லியமாக நின்றது. எனவே 'பிரிசிஷன்' என்றே அதற்குப் பெயரிட்டார். தோளில் மாட்டிப் பேருந்தில் ஏறிவிடலாம். அந்த எளிமைதான் அக்கருவியைப் புல்லர்ட்டனிலிருந்து மணப்பாறைவரை கொண்டு வந்து சேர்த்தது.

அந்நாட்டின் 'கண்ட்ரி' இசை உழவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வளர்த்த இசை. நாஷ்வில் நகர வானொலியில் 1925-இல் தொடங்கிய 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி அதன் தாய்மேடை. அம்மேடையில் நெடுங்காலம் டிரம்ஸுக்கு இடமில்லை. தாளத்தைத் தாங்கியவர் பேஸ் வாசிப்பவரே. அவர் வாசிப்பது பெரும்பாலும் இரண்டே சுரங்கள். நம் முறையில் சொன்னால் சட்ஜமம், பஞ்சமம்; மீண்டும் சட்ஜமம், பஞ்சமம். இடக்கால், வலக்கால் எடுத்து வைத்து நடப்பது போல. 'இது ஒரு வித்தையா?' என்று கேட்கத் தோன்றும். மூன்று மணி நேரம் அந்த நடையை விரைவு கூடாமலும் குறையாமலும் நடந்து பார்த்தவனுக்குத்தான் அது வித்தை என்று தெரியும்.

அந்த இசையின் பெரும் பாடகர் ஜானி கேஷ். அவருக்குப் பேஸ் வாசித்தவர் மார்ஷல் கிராண்ட். அவர் மெம்பிஸ் நகரில் கார் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். ஜானி கேஷ், லூதர் பெர்க்கின்ஸ், மார்ஷல் கிராண்ட் ஆகிய மூவரும் வேலை முடிந்த பிறகு கூடி வாசித்தார்கள். மூவர் கையிலும் கிட்டார்தான் இருந்தது. ஒருவர் பேஸுக்கு மாற வேண்டும் என்றபோது மாறியவர் கிராண்ட். அதுவரை அதை வாசித்தறியாதவர் அவர். 1955-இல் மூவரும் சேர்ந்து பதிவு செய்த முதல் பாடல்கள் வெளிவந்தன. அதன்பின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஜானி கேஷின் பின்னால் அவர் நின்றார். பாடகரை உலகம் அறியும். மெக்கானிக்கை எத்தனைபேர் அறிவர்?

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வேறொருவர் நினைவுக்கு வந்தார். எனக்குப் பேஸ் கற்றுக் கொடுத்த அண்ணன் பகலில் எலக்ட்ரீசியன், இரவில் கச்சேரி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் நின்றன. அடுத்த ஆண்டும் பெரும்பாலும் அதே கதை. மேடைக் கலைஞர்கள் ஆண்டு முழுவதும் உண்பது இந்த நான்கைந்து மாத வருமானத்தைத்தான். அண்ணன் பெட்டியை விற்றார். பிறகு இசையையே விட்டார். தன் கிட்டாரை எனக்கு 6000 ரூபாய்க்கு, மாதம் 600 வீதம் பத்துத் தவணையில் கொடுத்தார். "கம்பிய மட்டும் துடைச்சு வை, துரு ஏறினா சுரம் செத்துப்போகும்" என்பதுதான் அவர் சொன்ன கடைசிப் பாடம். இந்த ஆண்டு மின்காந்தத் தூண்டல் பாடம் நடந்தபோது, காந்தத்தின் மேல் எஃகுக் கம்பி அதிர, சுற்றியுள்ள சுருளில் மின்னோட்டம் பிறப்பதை ஆசிரியர் கரும்பலகையில் வரைந்தார். 1831-இல் பாரடே கண்டது அது. அண்ணனின் கிட்டார்க் கம்பிகளுக்கு அடியில் இருப்பதும் அதுவே. அன்று நான் உறங்கவில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக் கொள்கிறேன்.

அப்பாவின் வாதம்

என் கருத்துக்கு எதிர்க்கருத்து உண்டு. அதை மிக வலுவாகச் சொல்பவர் என் அப்பா.

"நான் தூக்குறது போதும்னுதானே உன்னைப் படிக்க வச்சேன். நீ போயி ராத்திரியெல்லாம் நின்னுக்கிட்டு, பொட்டி தூக்கிக்கிட்டு, அதையே செய்யிறியே?" என்கிறார். கலைஞர்களின் முதுமையைப் பற்றி அவர் சொல்வது பொய்யில்லை. மேடையில் நின்றவரெல்லாம் வாழ்வில் நின்றதில்லை. ஓய்வூதியம் இல்லை. எதிர்பாராத ஓராண்டு வந்தால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டிவிட்டது. குடிக்குப் பழகியவர்களை நானும் வேனில் பார்த்திருக்கிறேன்.

சாலையும் அஞ்சத்தக்கதே. 1959 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவில் ஒரு சிறு விமானம் விழுந்து, பட்டி ஹாலி என்ற இளம் பாடகரும் உடனிருந்தோரும் மாண்டனர். அவருக்குப் பேஸ் வாசித்தவர் வேலன் ஜென்னிங்ஸ். வயது 21, என்னைவிட ஒரு வயதே மூத்தவர். குளிர்காப்பு சரியில்லாத பேருந்தில் காய்ச்சலோடு வந்த இன்னொரு பாடகருக்குத் தம் விமான இருக்கையை விட்டுக்கொடுத்ததால் அவர் உயிர் தப்பினார். பின்னாளில் கண்ட்ரி இசையின் பெரும் பாடகரானார். இரவு இரண்டு மணிக்கு ஓட்டுநர் கண்ணைக் கசக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அப்பாவிடம் இந்தக் கதையை நான் சொன்னதில்லை.

எனக்கு எதிரான சான்று இன்னொன்றும் உண்டு. அந்தப் பருவத்தில் துணைப்பாடமான கணிதத்தில் நான் தோற்றேன். அதற்குக் கச்சேரியும் ஒரு காரணமே. இதை மறைத்துவிட்டுக் கலையின் பெருமையைப் பேசினால் அது நேர்மையாகாது.

அப்படியிருந்தும் நான் ஏன் போகிறேன்? முதல் காரணம் பணம். ஒரு நிகழ்ச்சிக்கு 1200 ரூபாய். அந்த வார இறுதியில் 2400 ரூபாய் கிடைத்தது. தேர்வுக் கட்டணமும் ஆய்வேட்டுச் செலவும் பேருந்துச் செலவும் அதிலிருந்துதான். அப்பாவிடம் கேட்டால் கொடுப்பார். அந்தப் பணம் எத்தனை மூட்டை என்று எனக்குக் கணக்குத் தெரியும், அதனால் கேட்பதில்லை.

பணம் மட்டுமே காரணம் என்றால் துணிக்கடைக்குப் போயிருக்கலாம். இரண்டாவது காரணம், வகுப்பறையில் நான் இன்னும் கற்காத ஒன்றை அங்கே கற்கிறேன். பேஸ் வாசிப்பவன் தன் ஒலியைக் கேட்பதைவிட மற்றவர் ஒலியைக் கேட்க வேண்டும். பாடுபவர் மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டும். தபேலா விரைந்தால் இழுத்துப் பிடிக்க வேண்டும். நான் தவறினால் தவறியது நான் என்று யாருக்கும் தெரியாது. பாடுபவருக்குக் குரல் சரியில்லை என்றே மக்கள் நினைப்பர். என் பிழைக்கு இன்னொருவர் பழி சுமப்பார் என்றால், நான் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! நாளை நான் ஆசிரியனானாலும், ஆய்வுக்கூடப் பணியாளனானாலும், அலுவலகத்தில் எழுத்தனானாலும் இந்தக் கவனம் எனக்கு வேண்டும். ஊரின் பெரும்பான்மையோர் பெயர் தெரியாமல் பின்வரிசையில் நின்று வேலை செய்பவர்கள்தாம். அவர்கள் ஒருநாள் நின்றுவிட்டால், பாடகி அக்கா சொன்னது போலக் கால் வைக்க இடமிருக்காது.

ஒருநாள் இரவு நான் புறப்படும்போது அப்பா கிட்டார்ப் பையை எடுத்துத் தம் தோளில் ஒருமுறை வைத்துப் பார்த்தார். "நாலு கிலோவுக்கு மேல இருக்கும். ஒரே தோள்ல போடாதே, மாத்தி மாத்திப் போடு" என்றார். அவர் சம்மதித்துவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். சுமையைப் பற்றித் தெரிந்தவர், தெரிந்ததைச் சொன்னார். அவ்வளவே.

நான் வேண்டுவது

நான் எனக்காக மட்டும் பேசவில்லை. என் வரிசையில் அமரும் நால்வரில் மூவர் வார இறுதியில் வேலைக்குச் செல்பவர்கள். ஒருவன் சமையல் குழுவோடு பந்தி பரிமாறச் செல்கிறான். இன்னொருவன் பெட்ரோல் பங்கில் நிற்கிறான். இவர்கள் எவரும் பொழுதுபோக்குக்காகச் செல்லவில்லை. நம் போன்ற அரசுக் கலைக் கல்லூரிகளில் இது ஒளிவுமறைவான செய்தியுமன்று. ஆனாலும் நாங்கள் இதை ஒரு குற்றம் போல் மறைத்துக் கொண்டே நடமாடுகிறோம். மறைப்பதனால்தான், உறங்கி விழும்போது அது திமிராகத் தெரிகிறது.

வருகைப் பதிவில் எனக்குச் சலுகை வேண்டாம். நூற்றுக்கு எழுபத்தைந்து என்ற விதி நல்ல விதி; அது இல்லாவிட்டால் என் போன்றோர் வாரத்தின் நடு நாள்களிலும் வேனில் ஏறிவிடுவோம். நான் வேண்டுவன மூன்றே.

ஒன்று, பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு வகுப்பின் பொறுப்பாசிரியரும் வேலைக்குச் செல்லும் மாணவர் யார், எவர், என்ன வேலை என்று கேட்டுக் குறித்துக் கொள்ளட்டும். தண்டிக்கவோ, இரங்கவோ வேண்டாம். தெரிந்திருந்தால் போதும்.

இரண்டு, அகமதிப்பீட்டுத் தேர்வைத் திங்கட்கிழமை முதல் பாடவேளையில் வைக்காமல் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றலாம். அரசாணை வேண்டாம்; செலவும் இல்லை. விடுதி மாணவருள் ஊருக்குப் போய்த் திரும்புவோருக்கும் இது உதவும்.

மூன்று, கல்லூரியின் இசைக்கருவிகள் கலைவிழாவின்போது மட்டுமே திறக்கும் அலமாரியில் இருக்கின்றன. வாரம் ஒருநாள் மாலை ஒரு மணி நேரம் அது திறக்கட்டும். கற்றுக் கொடுக்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். ஓர் ஆர்மோனியமும் ஒரு டோலக்கும் ஆண்டில் முந்நூற்று அறுபது நாள் இருட்டில் கிடப்பது எவருக்கும் பயன்படாது.

வேண்டுபவன் தன் பங்கையும் சொல்ல வேண்டும். நான் எனக்கென மூன்று விதிகள் வகுத்துக் கொண்டேன். மாதத்தில் இரண்டு வார இறுதிகளுக்குமேல் கச்சேரிக்குப் போவதில்லை. பருவத் தேர்வுக்கு முந்தைய இருபது நாள்கள் கிட்டாரைத் தொடுவதில்லை. ஆய்வுப் பதிவேட்டை வெள்ளிக்கிழமைக்குள் எழுதி முடிக்காமல் வேனில் ஏறுவதில்லை. இவ்விதிகள் வந்தபின், நிலுவையிலிருந்த கணிதத் தாளில் தேறினேன். குழுத் தலைவர் தாம் சொன்னபடியே சிறு நிகழ்ச்சிகளுக்கு என்னை அழைப்பதில்லை. கீபோர்டின் இடது கை பார்த்துக் கொள்கிறது. பெரிய திருவிழாக்களுக்கு மட்டும் அழைக்கிறார். பாடகி அக்கா வற்புறுத்தியதால் அழைக்கிறார் என்று பின்னால் அறிந்தேன். அந்த அழைப்பும் எத்தனை நாளைக்கோ! ஒத்து ஊதியவருக்கு நேர்ந்தது எனக்கும் நேரலாம். நேர்ந்தால் என் பட்டம் என்னைக் காக்கும். அதற்காகத்தான் அப்பா மூட்டை தூக்குகிறார் என்பதை நான் மறக்கவில்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். "கூத்தடிக்கவா கல்லூரிக்கு வந்தாய்?" ஐயா, இல்லை. படிக்கத்தான் வந்தேன். படிப்பதற்காகத்தான் கூத்துக்கும் போகிறேன். போன இடத்தில் அதுவும் ஒரு படிப்பு என்று கண்டேன். அன்று தேர்வில் உறங்கியது என் பிழை, பொறுத்தருள வேண்டும். மேடை ஏறியது பிழையன்று. வரும் சித்திரையில் நம் ஊர்க் கோவில் திருவிழாவில் எங்கள் குழுவின் நிகழ்ச்சி இருக்கிறது. தாங்கள் வந்தால் மகிழ்வேன். முன்வரிசையில் என்னைத் தேட வேண்டாம். விளக்கு எட்டாத இடத்தில், தபேலாவுக்குப் பின்னால் நிற்பேன்.